பத்து வருஷம் வைத்து ஓட்ட மின்சாரக் கார்: எந்தப் புதுத் தொழில்நுட்பத்துக்குக் காத்திருக்கலாம், எது இப்போதே அவசியம்?

நீலவண்டி:

வணக்கம். அடுத்து வாங்கப்போகிற காரைக் குறைந்தது பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் எண்ணம். தினசரி ஓட்டம் 60 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை நெடும்பயணம்: போக 400, வர 400. வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர் போட இடம் இருக்கிறது, மின் இணைப்பும் தாங்கும். வண்டி நிற்பது திறந்தவெளியில், மதிய வெயில் நேராக விழும்.

சாலிட் ஸ்டேட் பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்தது) வரட்டும் என்று சிலர் தடுக்கிறார்கள். 800 வோல்ட் பேட்டரி இல்லாத வண்டியை வாங்கவே கூடாது என்று வேறு சிலர். லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்) வேண்டுமா, கேமரா போதுமா என்பது இன்னொரு பக்கம். சாஃப்ட்வேர் அப்டேட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பனையாளர். பிற்பாடு மாற்றவே முடியாத விஷயங்கள் எவை, அப்டேட்டில் தேறக்கூடியவை எவை? அதைத் தெரிந்தவர்கள் பிரித்துச் சொன்னால் போதும், மீதியை நானே முடிவு செய்துகொள்வேன். பேட்டரி வகையில் எல்எஃப்பியா (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்எம்சியா (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

மின்கலன்:

கேள்வியைச் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். செல்லின் வேதியியல், பேக்கின் (செல்களெல்லாம் சேர்ந்த முழுப் பேட்டரியின்) வோல்டேஜ், குளிர்விக்கும் முறை, சென்சார்கள், மையக் கணினி ஆகியவை வண்டியோடு பிறந்தவை, பிறகு மாறாது. சார்ஜிங் வேகத்தின் வரைவு, பிரேக் அழுத்தும் விதம், திரையில் தெரிவது ஆகியவை அப்டேட்டில் ஓரளவு மாறும். நான் பேட்டரியை மட்டும் சொல்கிறேன்.

சாலிட் ஸ்டேட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2027-28இல் வணிகத்துக்குக் கொண்டுவருவதாக டொயோட்டாவும் ஜப்பானிய எண்ணெய் நிறுவனமான இடெமிட்சுவும் 2023இல் அறிவித்தன. அது நடந்தாலும் முதலில் சிறிய அளவில்தான் வரும். சல்ஃபைடு வகைத் திட மின்பகுபொருள் (இரு மின்முனைகளுக்கும் நடுவில் இருப்பது) லித்தியம் அயனியை நன்றாகவே கடத்துகிறது. ஆனால் காற்றின் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும், அதனால் தொழிற்சாலை முழுக்க வறண்ட அறையாக இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி தொடுபரப்பு. சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் மின்முனைகள் விரிந்து சுருங்குகின்றன. திரவம் அந்த இடைவெளிக்குள் தானே பாய்ந்து நிரப்பிக்கொள்ளும், திடப்பொருளால் முடியாது. எனவே பேக்கை எப்போதும் அழுத்தத்தில் பிடித்துவைக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் நுண்விரிசல்கள் வழியாக லித்தியம் ஊசி போல வளர்ந்து மறுபக்கம் தொட்டுவிடும் அபாயம் தீரவில்லை. கடையில் ‘செமி சாலிட்’ என்று எழுதியிருந்தால் உள்ளே கொஞ்சம் திரவமோ ஜெல்லோ இருக்கிறது என்று பொருள். அதைச் சாலிட் ஸ்டேட் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கணக்கு. தினசரி ஓட்டம் 18,000, நெடும்பயணம் 9,600, ஆக வருஷத்துக்கு 27,600 கிமீ. 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்தால் சுமார் 4,400 யூனிட். 60 யூனிட் பேட்டரியில் அது வருஷத்துக்கு 74 முழுச் சுழற்சி, பத்து வருஷத்துக்கு 740. என்எம்சி செல்லே பொதுவாக ஆயிரத்துக்கு மேல் தாங்கும், எல்எஃப்பி மூவாயிரத்தைத் தொடும். ஆகவே ஓட்டத்தால் உங்கள் பேட்டரி சாகப்போவதில்லை. அதைத் தேய்ப்பது காலமும் வெப்பமும்தான். நிறைய சார்ஜோடு, சூட்டில், சும்மா நிற்பதுதான் பேட்டரிக்கு மிகக் கெடுதலான நிலை. நீங்கள் வண்டியை வெயிலில் நிறுத்துபவர், அதனால் திரவக் குளிர்ச்சி இல்லாத வண்டியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

உங்கள் பயன்பாட்டுக்கு என் தேர்வு எல்எஃப்பி. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, சூடேறினாலும் எளிதில் வெளியேறாது. அதனால் தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. இழப்பது எடையில். செல் அளவில் எல்எஃப்பி கிலோவுக்கு 160 முதல் 180 வாட்-மணி, என்எம்சி 250ஐ ஒட்டி. 60 யூனிட்டுக்குச் செல் எடை மட்டும் 100 கிலோவுக்கு மேல் கூடிவிடும்.

எல்எஃப்பியில் ஒரு வினோதப் பழக்கம் உண்டு, தெரியாமல் பலர் சர்வீஸ் சென்டருக்கு அலைகிறார்கள். அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட தட்டையாக இருக்கும். ஒரு செல் 70 சதவீதத்தில் காட்டுவதற்கும் 40இல் காட்டுவதற்கும் வித்தியாசம் சில பத்து மில்லிவோல்ட்தான். வோல்டேஜை வைத்து மிச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாமல், உள்ளே போன கரன்ட்டையும் வெளியே வந்ததையும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி) எண்ணிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணிக்கையில் சின்னப் பிழை நாளாக நாளாகச் சேரும். கடைசியில் 12 சதவீதம் என்று காட்டிய வண்டி திடீரென்று 3க்கு விழும். 100 வரை ஏற்றும்போது மட்டும் வோல்டேஜ் செங்குத்தாக எழும், அங்கேதான் பிஎம்எஸ் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. அதனால்தான் பல கையேடுகள் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்கின்றன. ஏற்றி முடித்ததும் ஓட்டிவிடுங்கள், 100இல் வாரக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டாம். என்எம்சி வாங்கினால் தினசரி வரம்பு 80, நெடும்பயணத்தன்று மட்டும் 100. முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உயரத்தில் மின்பகுபொருள் வேகமாகச் சிதைகிறது.

சோடியம் அயான் பற்றி ஒரு வரி: 2021இல் சீன பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை கிலோவுக்கு 160 வாட்-மணி. எதிர்மின்முனையிலும் செம்புக்குப் பதில் அலுமினியத் தகடு போடலாம், குளிரில் நன்றாக வேலை செய்யும். சிறிய நகர வண்டிக்கு நல்ல வரவு. மாதம் 800 கிமீ நெடும்பயணம் போகிறவருக்கு இன்னும் இல்லை.

---

ஓம்விதி:

800 வோல்ட் விஷயத்துக்கு வருகிறேன். 200 கிலோவாட்டை 400 வோல்ட்டில் ஏற்ற 500 ஆம்பியர் வேண்டும், 800இல் 250 போதும். கம்பியில் வீணாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே அதே கம்பியில் கால்வாசியாகக் குறையும். 2019இல் போர்ஷே டைகான் இதைத் தொடங்கியது. 2021இல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5, 350 கிலோவாட் சார்ஜரில் 10லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் என்று காட்டியது.

உங்களுக்கு அது எவ்வளவு பயன்? 10லிருந்து 80 என்றால் 60 யூனிட் பேட்டரியில் 42 யூனிட். சராசரி 60 கிலோவாட்டில் 42 நிமிடம், சராசரி 100இல் 25 நிமிடம். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை 17 நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். அதற்காக நல்ல 400 வோல்ட் வண்டியை ஒதுக்க வேண்டாம். விளம்பரத்தில் வரும் உச்ச கிலோவாட்டையும் நம்ப வேண்டாம். அந்த உச்சம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு இறங்கிவிடலாம். 10-80 எத்தனை நிமிடம், 30 சதவீதத்திலும் 60 சதவீதத்திலும் எத்தனை கிலோவாட் நிற்கிறது என்று கேளுங்கள்.

800 வோல்ட் வண்டியே வாங்கினால் ஒன்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டிசி சார்ஜர்கள் பல 500 வோல்ட்டுக்கு மேல் தராது. அங்கே வண்டி தானே வோல்டேஜை உயர்த்திக்கொள்ள வேண்டும். சில வண்டிகள் மோட்டார் சுருளையும் இன்வெர்ட்டரையும் (பேட்டரியின் டிசியை மோட்டாருக்கான ஏசியாக மாற்றும் கருவி) வைத்தே உயர்த்துகின்றன, சில தனி கன்வெர்ட்டர் வைத்திருக்கின்றன. கன்வெர்ட்டர் சிறியது என்றால் பழைய சார்ஜரில் 50 கிலோவாட்டோடு நின்றுவிடும். உங்கள் நெடும்பயணப் பாதையில் இருப்பது பழைய சார்ஜர்கள் என்றால், 800 வோல்ட் வண்டி 400ஐவிட மெதுவாக ஏறலாம்.

தினமும் பயன் தருவது சிலிக்கான் கார்பைடு இன்வெர்ட்டர். சாதாரண சிலிக்கான் சுவிட்சான ஐஜிபிடியோடு ஒப்பிட்டால் குறைந்த சுமையில் இழப்பு கணிசமாகக் குறையும். நகரத்தில் நாம் ஓட்டுவது முழுக்கக் குறைந்த சுமையில்தான். 2017இல் டெஸ்லா மாடல் 3இல் வந்ததற்குப் பிறகு பரவிவிட்டது, விவரப் பட்டியலில் தேடிப்பாருங்கள்.

வீட்டு ஒயரிங்கில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். 7.4 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 32 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில் இடைவிடாமல். மீட்டரிலிருந்து தனி லைன் இழுங்கள். 6 ஸ்கொயர் எம்எம் காப்பருக்குக் கீழே போகாதீர்கள், தூரம் கூடினாலோ வெயில் படும் பைப்பில் போனாலோ 10 போடுங்கள். 40 ஆம்பியர் எம்சிபி. ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) டைப் பி, அல்லது சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டிசி கசிவைப் பிடிக்கும் வசதி இருந்தால் டைப் ஏ போதும். டைப் ஏசி போட்டால் டிசி கசிவில் அது மரத்துப்போய், உண்மையான ஷாக்கின்போது டிரிப் ஆகாது. எர்த் சரியில்லை என்றால் வண்டி சார்ஜ் ஏற மறுக்கும். உடனே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டித் தரும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அதை அனுமதிக்கவே கூடாது, நியூட்ரல் அறுந்தால் வண்டியின் பாடி முழுக்க மின்சாரம் பாயும்.

வண்டியிலிருந்து கரன்ட் எடுக்கும் வசதியையும் பாருங்கள். வண்டியில் பிளக் செருகி மிக்ஸி, விளக்கு ஓட்டுவது வி2எல், பொதுவாக 3.6 கிலோவாட் வரை. வீட்டுக்கே கொடுப்பதும் கிரிட்டுக்குத் திருப்புவதும் வேறு சமாச்சாரம். அதற்கு இருவழிச் சார்ஜரும், 2022இல் வெளியான ஐஎஸ்ஓ 15118-20 போன்ற தரத்தை வண்டி பின்பற்றுவதும் வேண்டும். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் வி2எல்லை வீட்டு சாக்கெட்டில் செருகுகிறவர்களைப் பார்க்கிறோம். பவர் கட் ஆன லைனில் வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேனை அது கொன்றுவிடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே கூடாது.

---

நீலவண்டி:

இருவருக்கும் நன்றி. 740 சுழற்சிக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. ஓட்டுநர் உதவிக் கருவிகளைப் பற்றி யாராவது? லைடார் உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ‘லெவல் 2 பிளஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

---

ராடார்கண்:

‘2 பிளஸ்’ என்று ஒரு லெவல் கிடையாது சார். எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே3016 தரத்தில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள், அவ்வளவுதான். 2 என்றால் வண்டி ஸ்டியரிங்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும், சாலையைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. 3 என்றால் குறிப்பிட்ட சூழலில் அந்தப் பொறுப்பு வண்டிக்கு மாறும், அது கூப்பிட்டால் நீங்கள் திரும்ப ஏற்க வேண்டும். 2021இல் ஜப்பானில் ஹோண்டா லெஜண்ட், பிறகு ஜெர்மனியில் மெர்சிடிஸ் என்று 3 வந்துவிட்டது, ஆனால் மிகக் குறுகிய வரம்பில். இன்று லெவல் 2 ஆக விற்கும் வண்டி நாளை அப்டேட்டில் 3 ஆகும் என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்: ஸ்டியரிங் மோட்டாரும் பிரேக்கும் இரட்டை மின்வழியோடு இருக்கின்றனவா? ஒன்று செத்தால் மற்றொன்று வண்டியை நிறுத்த வேண்டும். அது இரும்பும் செம்பும் சம்பந்தப்பட்டது, அப்டேட்டில் வராது.

சென்சார்களுக்கு வருவோம். கேமரா எழுத்தையும் நிறத்தையும் படிக்கும், எதிர் வெயிலிலும் கனமழையிலும் தடுமாறும். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் மழையையும் பனியையும் ஊடுருவும், வேகத்தை நேரடியாக அளக்கும். அதன் பலவீனம் நிற்கும் பொருள். பழைய வகை ரேடாருக்கு உயரம் தெரியாது. சாலை மேல் பாலம், அறிவிப்புப் பலகை, பழுதாகி நிற்கும் லாரி மூன்றும் அதற்கு ஒன்றே. எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி பாலத்துக்குப் பாலம் நிற்கும், அதனால் நிற்பவற்றை வடிகட்டிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியை நோக்கி வேகம் குறையாமல் போகும் விபத்துகளின் ஒரு காரணம் இதுதான். 4டி இமேஜிங் ரேடார் உயரத்தையும் அளப்பதால் பாலத்தையும் லாரியையும் பிரிக்கிறது. லைடார் இதை இன்னும் துல்லியமாக, இருட்டிலும் செய்யும். இரவு நெடும்பயணம் அதிகம் என்றால் லைடாருக்கோ 4டி ரேடாருக்கோ கொடுக்கும் பணம் வீணாகாது. பகலில் மட்டும் போகிறீர்கள் என்றால் கேமராவும் நல்ல ரேடாரும் போதும், மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள்.

1550 நானோமீட்டர் லைடாரின் ஒளியைக் கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே உறிஞ்சிவிடும், விழித்திரையைத் தொடாது. அதனால் அதிகச் சக்தியில் அனுப்பி அதிகத் தூரம் பார்க்கலாம். ஆனால் கேமரா சென்சாருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இயங்கும் லைடாருக்கு மிக அருகில் செல்போன் கேமராவை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், சென்சாரில் நிரந்தரப் புள்ளிகள் விழலாம்.

பத்து வருஷம் என்கிறீர்கள், அதற்குள் ஒருமுறையாவது முன் கண்ணாடி மாற்ற வேண்டி வரும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. அது ஒரு டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் பிழை, ஏறக்குறைய அரை லேன். பக்கத்து லேனில் போகும் வண்டியை உங்கள் முன்னால் இருப்பதாக நினைத்து பிரேக் போடும். ஆகவே கண்ணாடி மாற்றினால் காலிப்ரேஷன் (கேமராவின் பார்வையைத் திரும்ப நேர்ப்படுத்துவது) கட்டாயம். சில வண்டிகளுக்கு இலக்குப் பலகையை அளந்து நிறுத்தி, சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்துச் செய்ய வேண்டும், சிலவற்றுக்குக் கருவியை மாட்டிச் சாலையில் ஓட்ட வேண்டும், சிலவற்றுக்கு இரண்டும். வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் வேலைக்குப் பிறகும் இதைக் கேளுங்கள். முதலில் அலைன்மென்ட், பிறகு காலிப்ரேஷன், இந்த வரிசை மாறக்கூடாது.

பம்பரும் அப்படியே. மூலை ரேடார்கள் பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. டிங்கரிங்கில் பட்டி தடிமனாகப் பூசி, மேலே மெட்டாலிக் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் அலை உள்ளேயே திரும்பும். ரேடார் இருக்கும் இடத்தில் பட்டி வைக்காமல் பம்பரை மாற்றுவதே சரி. காப்பீட்டில் காலிப்ரேஷன் செலவு அடங்குமா என்று பாலிசி எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

---

கம்பிக்கட்டு:

சாஃப்ட்வேர் பக்கம் நான் சொல்றேன். எனக்கு இதுதான் பத்து வருஷக் கேள்வியில முதல் இடம், மின்கலன் அண்ணா கோபிக்கக் கூடாது. பேட்டரிக்கு வாரன்டி இருக்கு, சாஃப்ட்வேருக்கு யாரும் தேதி போட்டுத் தர்றதில்ல.

முதல்ல மோடம். வண்டிக்குள்ள இருக்கிற மோடம் எந்தத் தலைமுறை நெட்வொர்க்ல ஓடுதுன்னு கேளுங்க. அமெரிக்காவுல 2022இல 3ஜியை நிறுத்தினப்போ, நல்லா ஓடிக்கிட்டிருந்த நிறைய வண்டிங்க அவசர அழைப்பையும் போன் ஆப் வசதியையும் ஒரே நாள்ல இழந்துச்சு. மோடம் தனிப் பெட்டியா கழற்ற முடியுமா, மெயின் போர்டோட ஒட்டியிருக்கான்னு தெரிஞ்சுக்கணும். அடுத்து, டெஸ்ட் டிரைவ்ல டேட்டாவை அணைச்சுட்டுப் பாருங்க: ஏசி வேலை செய்யுதா, சார்ஜிங் வரம்பு மாத்த முடியுதா, போன் இல்லாம கார்டு சாவியில கதவு திறக்குதா, வண்டி கிளம்புதா. இதுல ஒண்ணு நின்னாலும் எனக்கு அந்த வண்டி வேண்டாம்.

அப்டேட் நடுவுல செத்துப்போறது ஏன்னா, பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிதான் காரணம். பெரிய பேட்டரியில 60 யூனிட் இருந்தாலும், அதை வண்டியோட இணைக்கிற கான்டாக்டர்ங்கிற சுவிட்சை மூட வைக்கிறது அந்தச் சின்னது. அது விழுந்தா வண்டி பிணம். அப்டேட்டுக்கு முன்னாடி வண்டியைச் சார்ஜ்ல போடுங்க, 12 வோல்ட்டை மூணு நாலு வருஷத்துல மாத்திடுங்க. நிறுத்தியிருக்கும்போது கேமராக் காவல் வசதி போட்டா கணினி தூங்கவே தூங்காது. 200 வாட்னு வெச்சாலும் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், உங்க பேட்டரியில 8 சதவீதம். கணினியில ஏ, பி-ன்னு இரண்டு நினைவகப் பகுதி இருந்தா, புது அப்டேட் கெட்டாலும் பழசுல எழுந்துக்கும். இது இருக்கான்னும் கேளுங்க.

ஐநா விதி ஆர்155 சைபர் பாதுகாப்புக்கு, ஆர்156 அப்டேட்டுக்கு. ஐரோப்பாவுல 2024 ஜூலையிலேர்ந்து எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயம். அந்தச் சந்தைக்கும் போற மாடலா இருந்தா பலம். வைப்பர், ஹசார்டு, ஹாரனுக்குத் தனி பட்டன் இருக்கான்னும் பாருங்க. 2026லேர்ந்து, ஐரோப்பாவுல வண்டிப் பாதுகாப்பைச் சோதிக்கிற யூரோ என்சிஏபி இதுக்கே மதிப்பெண் வெச்சிருக்கு.

---

ஓம்விதி:

கம்பிக்கட்டு சொன்ன டேட்டா சோதனையை நானும் வழிமொழிகிறேன். ஆனால் சாஃப்ட்வேர்தான் முதலிடம் என்பதில் உடன்பாடில்லை. அப்டேட் நின்றுபோன வண்டியும் ஓடும். பேக்கில் காப்பு எதிர்ப்பு (கரன்ட் பாடிக்குக் கசியாமல் தடுக்கும் திறன்) விழுந்த வண்டி ஓடாது. அடியில் கல் பட்டு கூலன்ட் கசிந்து, ‘ஐசோலேஷன் ஃபால்ட்’ வந்தால் கான்டாக்டர் மூடவே மறுக்கும். இங்கேதான் செல்-டு-பேக் கவலை தருகிறது. செல்களை நேராகப் பேக்கில் பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒரு செல்லுக்காக முழுப் பேக்கையும் மாற்றச் சொல்வார்கள்.

---

நீலவண்டி:

அப்படியானால் செல்-டு-பேக்கைத் தவிர்க்க வேண்டுமா? எல்எஃப்பி வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தானே வருகின்றன. வாரன்டியில் பேட்டரிக் கொள்ளளவு 70 சதவீதம் என்று இருக்கிறதே, அதை எப்படி நிரூபிப்பது?

---

மின்கலன்:

தவிர்க்க வேண்டாம். எல்எஃப்பியின் எடைக் குறையை ஈடுகட்டியதே அந்த அமைப்புதான், 2020இல் வந்த, சீன நிறுவனமான பிஒய்டியின் பிளேடு பேட்டரி அதற்கு உதாரணம். வாங்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: உதிரிபாகப் பட்டியலில் பேக்கின் மூடி, சீல், பிஎம்எஸ் போர்டு தனித்தனியாகக் கிடைக்கிறதா, அடியில் உலோகக் காப்புத் தகடு இருக்கிறதா. மூடி போல்ட்டில் திறந்தால் போர்டு, கான்டாக்டர், ஃபியூஸ் பழுதுகளையாவது பேக் மாற்றாமல் சரிசெய்யலாம். பசையால் மூடியிருந்தால் அதுவும் கடினம்.

வாரன்டி பரவலாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ, 70 சதவீதம். உங்கள் ஓட்டத்தில் கிலோமீட்டர் வரம்பு ஆறு வருஷத்துக்குள்ளேயே முடிந்துவிடும், கவனியுங்கள். வண்டி காட்டும் ஆரோக்கியச் சதவீதம் பிஎம்எஸ்ஸின் மதிப்பீடு மட்டுமே, எல்எஃப்பியில் அது இன்னும் தள்ளாடும். நீங்களே அளந்துவையுங்கள். டெலிவரி எடுத்த முதல் மாதத்தில் 100 வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி 10 சதவீதம் வரை ஓட்டுங்கள். நடுவில் சார்ஜ் போடவோ, நிறுத்திவைத்து ஏசி ஓட்டவோ வேண்டாம், நிற்கும்போது செலவானதைச் சில வண்டிகளின் டிரிப் மீட்டர் எண்ணாது. செலவான யூனிட்டை 0.9ஆல் வகுத்தால் மொத்தக் கொள்ளளவு. 52 யூனிட் செலவு என்றால் 57.8. வெளி வெப்பநிலையையும் ஓடோமீட்டரையும் சேர்த்துத் திரையைப் படம் எடுத்துவையுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் திரும்பச் செய்யுங்கள். முதல் வருஷத்தில் சில சதவீதம் குறையும், அது இயல்பு, பிறகு சரிவு மெதுவாகும். மெதுவாகாமல் அதே வேகத்தில் விழுந்தால், ஓபிடி போர்ட்டில் (வண்டியின் பழுது கண்டறியும் இணைப்பு) கருவி மாட்டி, 10 சதவீதத்தில் வண்டி ஓய்ந்திருக்கும்போது மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பாருங்கள். நடுப்பகுதியில் பார்த்தால் எல்எஃப்பி எல்லாச் செல்லையும் ஒன்றாகவே காட்டும். குறைந்த சார்ஜில்தான் பலவீனமான செல் மற்றவற்றைவிடக் கீழே தனியாகத் தெரியும். அந்தப் படத்தையும் சேர்த்து, கிலோமீட்டர் வரம்பு முடிவதற்குள் எழுத்துமூலம் புகார் பதியுங்கள்.